மாதவிடாய் நின்றபின் உதிரம்: கலங்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்



மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதே அப்புகழுக்குக் காரணம். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு செய்தியை இங்கே பேசுவோம்.

மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்த ஒரு தாய். பேரன் பேத்தி கண்டவர். ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு எழும்போது ஆடையில் உதிரக் கறையைக் காண்கிறார். இரண்டு அச்சங்கள் ஒருசேர அவரைப் பற்றிக்கொள்கின்றன. இது புற்றுநோயோ என்பது ஒன்று. தொழலாமா, கூடாதா என்பது மற்றொன்று. மகனிடம் சொல்ல நாணம்; மருமகளிடம் சொல்லத் தயக்கம். ரமளான் கழியட்டும், பேத்தியின் நிக்காஹ் முடியட்டும் என்று நாட்களைத் தள்ளுகிறார். இரவில் உறக்கமில்லை. கோட்டைப்பட்டினம், அறந்தாங்கி, அன்னவாசல் என நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த ஊரிலும் இந்தத் தாய் இருக்கக்கூடும்.

முதல் அச்சத்தைப் பார்ப்போம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதன் பின்னர் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், ஒரே ஒரு முறை கண்டாலும் பரிசோதித்தாக வேண்டும். எனினும் இவ்வாறு உதிரம் கண்டு மருத்துவரிடம் வரும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. வயது காரணமாக உட்சவ்வு மெலிந்து வறண்டு போவதும், கருப்பையினுள் தோன்றும் சிறு சதை வளர்ச்சியும், சில மருந்துகளுமே பெரும்பாலும் காரணங்களாகும்.

எஞ்சிய அந்த ஒருவர் தாமாக இருக்கலாம் என்பதால்தான் காலம் தாழ்த்தக் கூடாது. கருப்பைப் புற்றுநோய் உதிரப்போக்கின் மூலம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தன்னை வெளிப்படுத்திவிடுகிறது. அப்போதே கண்டறிந்தால் அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். உடற்பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மருத்துவர் ஸ்கேன் செய்து கருப்பை உட்சவ்வின் தடிமனை அளப்பார். அது 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, உதிரம் மீண்டும் கண்டாலோ சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பார். கருப்பை வாயையும் பார்ப்பார்.

இனி இரண்டாவது அச்சம். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று வினவினார்கள். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வரும் உதிரம் என்று விளக்கிய பெருமானார், வழக்கமான ஹைளுடைய நாட்களில் மட்டும் தொழுகையை விட்டுவிட்டு, பின்னர் தூய்மை செய்து தொழுமாறு பணித்தார்கள். இதுவே இஸ்திஹாளா. இதற்குத் தொழுகையும் நோன்பும் தடையல்ல.

முதுமையில் காணும் உதிரத்தின் சட்டம் மத்ஹபுக்கு ஏற்ப வேறுபடும். ஹனஃபி மத்ஹபில் பொதுவாக 55 வயது எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், உரிய நிபந்தனைகள் பொருந்தினால் அந்த வயதிலும் அது ஹைளாகக் கருதப்படலாம். ஆகவே உதிரம் தொடங்கிய நாள், நின்ற நாள், நிறம் ஆகியவற்றைக் குறித்து வைத்து ஆலிமிடம் கேளுங்கள். அதே குறிப்பு மருத்துவருக்கும் உதவும். ஆனால் ஆலிமின் பதில் தொழுகைக்கு உரியது. மருத்துவரின் பதில் உடலுக்கு உரியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஹைளு எனத் தீர்ப்புக் கிடைத்தாலும் பரிசோதனை அவசியமே.

பெண் மருத்துவரை நாடுவது சிறப்பு. கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டவும் மார்க்கம் அனுமதிக்கிறது. நோயாளிக்கு நோன்பைப் பின்னர் களாச் செய்யும் சலுகையும் உண்டு. எனவே ரமளானைக் காரணமாக்கிச் சிகிச்சையைத் தள்ள வேண்டாம்.

நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவாக வித்திட்டது. அன்று சிகிச்சை அரிதாயிருந்தது. இன்றோ நம் மாவட்டத் தலைநகரிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. வாய்ப்பு அருகில் இருந்தும் வாய் திறக்காமல் இருப்பது நமக்கு நாமே செய்யும் அநீதியல்லவா?

கணவன்மார்களே! பிள்ளைகளே! உங்கள் தாய் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது "வயதானால் இப்படித்தான்" என்று தட்டிக்கழிக்காதீர்கள். "அது புற்றுநோய்தான்" என்று அச்சுறுத்தவும் செய்யாதீர்கள். அந்த வாரமே உடன் அழைத்துச் செல்லுங்கள். சோதனை முடிவு வரும்வரை அவரைத் தனித்திருக்க விடாதீர்கள். அந்நாட்களின் சுமை நோயின் சுமையை விடப் பெரிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்றுத்தந்த நபியின் உம்மத் நாம். பரிசோதனை என்பது அந்தக் கயிறு. துஆ என்பது அந்தத் தவக்குல்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களின் கலக்கத்தை நீக்கி, பூரண சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன்.