ஸ்பிரிங் தாங்கும், ஷாக்கப்சர் அடக்கும்

சென்னையில் லஸ் முனையிலும் பனகல் பார்க்கைச் சுற்றியும் மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்த தடுப்புகளை ஒட்டி கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலைகளின் ஒவ்வொரு மேடு பள்ளமும் மனப்பாடம். தோண்டி மூடிய இடத்தில் ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் ஒரு இரும்புத் தகடு. போதாக்குறைக்கு வேகத்தடைகள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். உள்தெருக்களில் இருப்பவை பலவும் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாத குட்டிச் சுவர்கள்.

இத்தனை அடியையும் முதலில் வாங்குவது ஸ்பிரிங். காரின் எடையைத் தாங்குவதும் அதுதான். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் தானாக அடங்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதே ஷாக்கப்சர் என்று நாம் சொல்லும் ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வுகள். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே திணறித் திணறிப் போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. பழைய அம்பாசடரின் பின்பக்கத்தில் இருந்த பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே கொஞ்சம் ஆட்டத்தைத் தின்றுவிடும். இன்றைய சுருள் ஸ்பிரிங்கில் அந்தச் சலுகை கிடையாது. முழுப் பாரமும் ஷாக்கப்சர் தலையில்.

தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. மேலே மூடியிருக்கும் தூசி உறை கிழிந்து மணல் உள்ளே போனாலோ, தண்டில் துருப்புள்ளி விழுந்தாலோ சீல் அறுபடும். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாயின் மேல்பகுதியில் மெல்லிய ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து, அதில் தெருப் புழுதி அப்பிக் கருப்புச் சேறாகக் கீழ்வரை இறங்கியிருந்தால் அதன் கதை முடிந்தது. பிரேக் பிடித்ததும் மூக்கு குத்துவது, டயர் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தேய்வது ஆகியவையும் இதன் அடையாளங்கள். இடதில் கசிந்தாலும் வலதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி பிரேக்கிலும் வளைவிலும் ஒருச்சாய்ந்து போகும்.

வீட்டிலேயே மாற்றலாமா? பின்பக்கம் என்றால், கருவியும் நிதானமும் உள்ளவர் மாற்றலாம். ஸ்விஃப்ட் போன்ற பல சிறிய கார்களில் பின்பக்க ஸ்பிரிங் தனி, ஷாக்கப்சர் தனி. மேலும் கீழும் உள்ள இணைப்புகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். மேல் நட்டு சில கார்களில் டிக்கியின் உள் உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பெசன்ட் நகர், சாந்தோம் கடற்காற்றிலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலோ நின்ற கார் என்றால் போல்ட் லேசில் அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிடுவது நல்லது.

ஆபத்து எல்லாம் வண்டியைத் தூக்கும் இடத்தில்தான். காரோடு வந்த ஜாக் ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் தலையை நுழைக்கவே கூடாது. அடுக்ககத்தின் தரைத்தள பார்க்கிங்கில் சிமெண்ட் தரை சமமாக இருந்தால் சௌகரியம். தெருவில் என்றால் கத்திரி வெயிலில் இளகிய தாரில் ஜாக் புதையும், அடியில் கெட்டியான பலகை வேண்டும். ஷாக்கப்சரைக் கழற்றும் முன் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கை முட்டுக் கொடுக்காவிட்டால் அச்சு தொங்கி பிரேக் குழாயை இழுக்கும், ஸ்பிரிங்கும் நழுவலாம்.

புதியதைப் பூட்டும்போது பலரும் செய்யும் வினை ஒன்று உண்டு. தண்டு சுற்றுகிறதே என்று கட்டிங் பிளேயரால் அதைக் கவ்விப் பிடிப்பார்கள். அந்தக் கீறல் போதும், புது சீலும் அறுந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள கீழ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் வேறு ரகம். எர்ல் மக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்பிரிங்கையும் ஷாக்கப்சரையும் ஒரே தூணாக இணைத்தார். 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கார்களில் வந்த இந்த அமைப்பு, 1983இல் மாருதி 800 வழியாக நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. அந்தத் தூணின் உச்சியில் உள்ள நடு நட்டுதான் அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. அமுக்கும் கருவி மாட்டாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிப் பாயும். எலும்பு முறியும், உயிரும் போகலாம். சுற்றியுள்ள சின்ன நட்டுகளையும் கீழ் போல்ட்டுகளையும் மட்டும் கழற்றித் தூணை முழுசாக எடுத்து, பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கைப் புதிய ஷாக்கப்சருக்கு மாற்றி வாங்கிவந்து பூட்டுவது புத்திசாலித்தனமான நடுவழி. பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

சாமான் வாங்க தி.நகர்க்காரருக்கும் மயிலாப்பூர்க்காரருக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பக்கம்தான். 1961இல் தொடங்கிய, ஷாக்கப்சர் தயாரிக்கும் கேப்ரியல் இந்தியாவுக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம், ஷாக்கப்சரை மட்டும் வேண்டாம். பைக்கின் முன் ஃபோர்க்கில் ஆயில் சீலை மாற்றி எண்ணெய் ஊற்றுவது முறையான வேலை. காருடையது சீல் வைத்து மூடிய பண்டம். அதைத் துளை போட்டு எண்ணெய் நிரப்பி, பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்தாலும் உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்ததுதான்.

கழற்றிய பழசு காயலான் கடைக்குப் போகலாம். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கக்கூடும் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது; அங்கே முதலில் கையில் எடுப்பது கேஸ் கட்டராக இருக்கும்.