எதிர்பாராத கடன் கடிதமா? முதலில் பேரேட்டைத் திறப்போம்

சரக்கு பாதி, கடன் பாதி என்று நடப்பதுதான் நமது மளிகைத் தொழில். மில்லுக்கு நாம் கொடுக்க வேண்டியது ஒருபுறம், சில்லறைக் கடைக்காரர் நமக்குத் தர வேண்டியது மறுபுறம். இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் நம்மைக் குறி வைக்கிறார்கள். "பாக்கி இருக்கிறது" என்று ஒரு கடிதம் வந்தால் "இருந்தாலும் இருக்கும்" என்று நினைப்பது வியாபாரியின் மனம்.

சென்ற தீபாவளி நெரிசலில் நமது கடைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. பழைய பருப்பு மில் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் பாக்கி ரூ. 86,400-ஐ வசூலிக்கும் உரிமையைத் தாங்கள் பெற்றிருப்பதாக ஒரு நிறுவனம் எழுதியிருந்தது. ஏழு நாளில் கட்டாவிட்டால் கடைக்குச் சீல், கைது என்று மிரட்டல். கீழே வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்தன. "முதலாளி, சீசன் நேரத்தில் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? கட்டிவிடலாம்" என்றார் கணக்குப்பிள்ளை. அந்த மில்லில் நாம் சரக்கு எடுத்தது உண்மை. ஆகவே நமக்கும் ஒரு நிமிடம் மனம் தடுமாறியது.

பிறகு பழைய பேரேட்டை எடுத்தோம். பில் இருந்தது, அதற்கு இரண்டு தவணையாகப் பணம் போன பற்றும் இருந்தது. வங்கிக் கணக்குப் புத்தகமும் அதையே சொன்னது. கடிதத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சிட்டிருந்த எண்ணில் மில்லை அழைத்தோம். "அண்ணாச்சி, உங்கள் கணக்கு எப்போதோ நேராகிவிட்டது. வசூலுக்கு நாங்கள் யாரையும் வைக்கவில்லை" என்று பதில் வந்தது. கடிதம் போலி.

இதைப் படித்துவிட்டு, "இனி எந்தக் கடிதம் வந்தாலும் குப்பைக் கூடைதான்" என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் ஒரு வக்கீல் நோட்டீசை ஏமாற்று வேலை என்று ஒதுக்கினார். அது அவர் கொடுத்துத் திரும்பிய காசோலைக்கு வந்த உண்மையான நோட்டீஸ்.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது நம் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. தவறினால் குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பொய்க் கடிதத்தை நம்பினால் பணம் போகும். மெய்க் கடிதத்தை அலட்சியம் செய்தால் நிம்மதியே போகும். ஆகவே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலாவது, கடிதம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். உண்மையான கடன்காரர் பில் எண், தேதி, சரக்கு, தொகை எல்லாவற்றையும் சொல்வார். காசோலை நோட்டீசில் காசோலை எண், வங்கி, திரும்பிய காரணம் இருக்கும். வெறும் மொத்தத் தொகையும் மிரட்டலும் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். சரக்குப் பாக்கி உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய விவகாரம். வசூல் நிறுவனம் எதற்கும் கடையைப் பூட்டவோ, ஆளைக் கைது செய்யவோ அதிகாரம் கிடையாது.

இரண்டாவது, கடிதத் தலைப்பை நம்பாதீர்கள். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாடு என்றால் முதல் இரண்டு இலக்கம் 33. அடுத்த பத்தும் பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பதிவுப் பெயர் தெரியும். பெயர் பொருந்தாவிட்டால் விஷயம் முடிந்தது. பொருந்தினாலும் போதாது, யாருடைய பில்லிலிருந்தும் எண்ணைத் திருடி அச்சடிக்கலாம். ஆகவே விசாரிப்பது எப்போதும் நம் கையில் ஏற்கெனவே உள்ள எண்ணில்தான் இருக்க வேண்டும். வங்கிக் கடன் என்றால் நம் கிளைக்கு நேரில் போய்க் கேட்பதே நல்லது.

மூன்றாவது, கடன் கைமாறிவிட்டது என்றால் அத்தாட்சி கேளுங்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, கடனை வசூலிக்கும் உரிமையை மாற்றுபவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்ற வேண்டும். அந்த ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பழைய கடன்காரரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாயும் வேண்டாம்.

நான்காவது, அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் கெடுவுக்குள் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு தொடங்கும். கெடு கடந்த கடனுக்குக்கூட, "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகிவிடும். "கொஞ்சம் தவணை கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதும், "அடையாளத்துக்கு ஆயிரம்" அனுப்புவதும் வேண்டாத வேலை. "தாங்கள் குறிப்பிடும் பாக்கிக்கு பில் நகலும், பொருள் ஒப்படைத்த அத்தாட்சியும், கணக்கு விவரமும் அனுப்பவும்; அதன்பின் பதில் தருகிறோம்" என்று இரண்டே வரி எழுதுங்கள். நகலும் உறையும் பத்திரமாக இருக்கட்டும். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின்மேல் குறித்து வையுங்கள். 15 நாள் கணக்கு அதிலிருந்துதான். காசோலை சம்பந்தப்பட்டது என்றால் அன்றே வக்கீலைப் பாருங்கள்.

பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்ததை உணர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழைத்து நிதி மோசடிப் புகார் கொடுங்கள்; வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் நேரம். சங்க அலுவலகத்துக்கும் கடிதத்தின் நகலைக் கொடுத்தால் அடுத்த கடைக்காரர் தப்பிப்பார்.

நமக்கு வந்த கடிதத்தை வென்றது சாமர்த்தியம் அல்ல. பணம் கொடுத்த அன்றே பேரேட்டில் எழுதி வைத்த பற்று. கொடுக்க வேண்டியதைத் தேதி தவறாமல் கொடுப்பது வியாபாரியின் நாணயம். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது நாணயம் ஆகாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கணக்குதான். ஆகவே அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே எழுதுவோம். பழைய பில்களையும் ரசீதுகளையும் எடைக்குப் போடாமல் வைத்திருப்போம்.