ஆல்டர்னேட்டர் போச்சா? அதில் போனது எது என்று கேளுங்கள்!

ராத்திரி வரை நன்றாக ஓடிய கார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ஆட்டோ பிடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் மதியத்துக்குள் போன் வந்துவிடும். “செல்ஃப் மோட்டார் போயிடுச்சு சார், புதுசு மாத்தணும்.” தொகையைக் கேட்டதும் அந்த மாதத்து ஸ்கூல் ஃபீஸும் மளிகைக் கடை பாக்கியும் கண்முன்னால் வரிசை கட்டி நிற்கும்.

அதே மோட்டாரை, ‘ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்’ என்று போர்டு மாட்டிய ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனால் கதை வேறு மாதிரி போகலாம். பின்பக்க மூடியைக் கழற்றினால் கறுப்புத் தூள் கொட்டும். உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து தேய்ந்து, ஆர்மேச்சரைத் தொட முடியாத அளவுக்குக் குட்டையாகிப் போயிருக்கும். செம்புக் கம்பி, இரும்பு உடம்பு, பல்சக்கரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். பிரஷ் செட்டுக்குச் சில நூறு ரூபாய், அதோடு கழற்றி மாட்டும் கூலி. முழு மோட்டார் என்றால் பல ஆயிரம்.

எல்லா நேரமும் இப்படிச் சுலபமாக முடிந்துவிடாது. ஆனாலும், “போச்சு” என்று சொல்லப்படும் எலக்ட்ரிக்கல் பாகத்தில் பல சமயம் போயிருப்பது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சின்ன உறுப்புதான். அது எது என்று கேட்கத் தெரிந்தாலே பில் மாறும்.

சத்தமே பாதி சொல்லிவிடும்

1911-ல் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வண்டியின் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அம்பாசடர் வைத்திருந்த தாத்தாக்களைக் கேட்டால் ஹேண்டில் கதைகள் இன்றும் கிடைக்கும். நூறு வருடம் கடந்தும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. இன்றும் அதைத் திறந்து சரிசெய்ய முடிவது அதனால்தான்.

சாவியைத் திருப்பும்போது ‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால், முதல் சந்தேகம் பேட்டரி மீதோ அதன் டெர்மினல் மீதோதான் வரவேண்டும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சொலினாய்டின் செம்புக் கான்டாக்ட் கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றி, இன்ஜின் அசையாமல் நின்றால் பினியன் பக்கத்துக் கிளட்ச் வழுக்குகிறது. இவற்றில் எதற்கும் முழு மோட்டாரை மாற்றியே ஆகவேண்டும் என்றில்லை.

மோட்டார் மீது ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும் வித்தையைப் பல டிரைவர்கள் அறிவார்கள். மாட்டிக்கொண்ட பிரஷ் அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் நகர்ந்து ஆர்மேச்சரைத் தொடும், அவ்வளவுதான். இது வீடு போய்ச் சேருவதற்கான முதலுதவி. மறுநாளும் தட்டிக்கொண்டு திரிந்தால் என்றாவது ஒருநாள் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

பேட்டரியைக் குடிக்கும் டையோடு

ஆல்டர்னேட்டர் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பழைய பழக்கத்தில் இன்றும் பலர் ‘டைனமோ’ என்றே சொல்லும் இந்த உருப்படி, பெல்ட் மூலம் இன்ஜினோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் தயாரிக்கிறது. அது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம். நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பவை டையோடுகள். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவு மாதிரி.

இந்தக் கதவுகளில் ஒன்று பழுதாகி இரண்டு பக்கமும் திறந்துகொண்டால், வண்டி நிற்கும்போது பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ராத்திரி முழுக்கக் கசியும். காலையில் பேட்டரி டவுன். புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் டவுன். இப்படி அடுத்தடுத்து பேட்டரி மாற்றி நொந்துபோனவர்களின் வண்டியில், கடைசியில் பழி ஒரு டையோடு பிளேட் மீது விழுவதுண்டு. வண்டியை நிறுத்திய பிறகு பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால், முதல் பேட்டரியோடு பிரச்னை முடிந்திருக்கும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். ஏறவே இல்லை என்றால் பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர், டையோடு என்ற வரிசையில் தேட வேண்டும். புதிய மாடல் கார்கள் சிலவற்றில் சார்ஜிங்கை இன்ஜின் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அந்த வண்டிகளில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, ‘நின்றால் டைனமோ போச்சு’ என்று சோதிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்டேஜ் திடீரென எகிறி, நன்றாக இருந்த டையோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

வெள்ளம் புகுந்த வண்டிகள்

2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில் சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கியது யாருக்கும் மறந்திருக்காது. ஆல்டர்னேட்டரில் சூடு ஆறுவதற்காகச் சுற்றிலும் துவாரங்கள் இருக்கும். சேறு நேராக உள்ளே போய்விடும். உடனே கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பேரிங்கை மாற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. ‘வெயில் அடித்தால் காய்ந்துவிடும்’ என்று வாரக்கணக்கில் விட்டால் துரு பிடித்து இறுகிவிடும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்பவர்கள் மட்டும், சர்வேயர் பார்க்கும் முன்பு எதையும் திறக்க வேண்டாம்.

காயில் கருகிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, அதே தடிமனில் அதே சுற்று எண்ணிக்கையில் புதுக் கம்பி கட்டுவார்கள். பம்ப் மோட்டார்களின் ஊரான கோவையில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் ஏராளம். வாங்கிய மோட்டார் சைக்கிளை அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்ற ஜி.டி.நாயுடுவின் ஊர் அல்லவா!

ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்கள்?

சர்வீஸ் சென்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் மாட்டும் பாகத்துக்கு வாரன்டி கொடுக்க வேண்டும். திறந்து சரிசெய்த பாகம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் நஷ்டம் அவர்களுக்கு. ஒரு மோட்டாரைத் திறந்து குறை கண்டுபிடிக்கும் நேரத்தில் இரண்டு வண்டியை முடித்து அனுப்பிவிடலாம்.

ஆனால் வெளியில் இருக்கும் மெக்கானிக்குக்கு உதிரி பாகமும் சோதனைக் கருவியும் கிடைக்காமல் போவது வேறு விஷயம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது, அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்றாக இருந்தது.

இந்தக் கருவிகளின் அவசியம் இன்ஜின் கம்ப்யூட்டரில், அதாவது ஈசியு-வில், நன்றாகப் புரியும். புது ஈசியு வாங்கி மாட்டினால் மட்டும் வண்டி ஓடாது. சாவியோடு அதைச் சேர்த்துப் பதிய வேண்டும். பழைய போர்டிலேயே வெடித்த கெபாசிட்டரை மாற்றி, விரிசல் விட்ட ஈயப் பற்றைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர் கிடைத்தால், பதிவு எல்லாம் அப்படியே இருக்கும். அவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது ஏன் கருகியது?’ என்பதுதான். வெளியே ஷார்ட் ஆன இக்னிஷன் காயில் ஒன்று காரணமாக இருந்தால், எத்தனை போர்டு மாட்டினாலும் கருகும்.

எதைத் திறக்கவே கூடாது?

பென்சில் மாதிரி பிளக் மேல் உட்காரும் இக்னிஷன் காயில், பிசின் ஊற்றி மூடப்பட்டது. திறந்து சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒன்று பழுதென்றால் நான்கையும் மாற்ற அவசியமில்லை. ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் பட்டறைச் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்களைப் பயிற்சி இல்லாத யாரும் தொடவே கூடாது. வாரன்டி காலத்தில் இருக்கும் பாகத்தை வெளியில் திறந்தால் அந்த வாரன்டி போய்விடலாம்.

மற்றதற்கெல்லாம் முதலில் கேளுங்கள்: “உள்ளே என்ன போயிருக்கு?” டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளும், தளர்ந்துபோன எர்த் ஒயரும் மோட்டார் மீது பழி போடுவது சகஜம். அதைச் சுத்தம் செய்து பார்த்தாரா என்றும் கேளுங்கள். பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்து ‘ரீகண்டிஷன்’ என்று தருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மாற்றிய உறுப்பு எது, அதற்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நல்ல எலக்ட்ரீஷியன் என்றால் கேட்கவே தேவையிருக்காது. வண்டியை ஸ்டார்ட் செய்து, மீட்டரை நம் பக்கம் திருப்பி 14 வோல்ட்டைக் காட்டிவிட்டு, தேய்ந்த இரண்டு பிரஷ்களையும் செய்தித்தாளில் மடித்துக் கையில் கொடுப்பார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது.