திரும்பத் திரும்ப வரும் அக்குள் கட்டி: கீறிவிட்டால் போதுமா?



அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒரு கட்டி வருகிறது. "சூட்டுக் கட்டிதான்" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறோம். பழுத்து உடைகிறது, ஆறுகிறது. கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் கிளம்புகிறது. ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவையோ அதற்கு மேலோ இப்படி வந்தால், அதைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிடக் கூடாது.

இது என்ன நோய்?

டாக்டர்கள் இதை ஹைட்ராடெனைடிஸ் சப்புரட்டிவா என்பார்கள். மயிர்க்கால்கள் அடைபட்டு, தோலுக்குள்ளேயே வெடித்து, சுற்றிலும் வீங்கிச் சீழ் வைக்கிறது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பிட்டம் ஆகிய இடங்களில் வரும். பெரும்பாலும் பருவமடைந்த பிறகு தொடங்கும். சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. உடல் பருமனும் பீடி, சிகரெட்டும் உள்ளவர்களிடம் இது அதிகம்.

மறைவிடத்தில் வருவதால், "மேகநோயா இருக்குமோ?" என்று கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் சந்தேகப்படுவது உண்டு. அந்தச் சந்தேகம் வேண்டாம். இது பால்வினை நோய் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஒரே பாயில் படுப்பதாலோ தாம்பத்தியத்தாலோ பரவாது. குளிக்காததால் வந்த நோயும் அல்ல.

கீறிவிட்டால் ஏன் போதாது?

வயல் வரப்பில் எலி வளையின் ஒரு வாயை மண் போட்டு அடைத்தால், எலி இன்னொரு வாய் வழியாக வரும். வளையையே வெட்டித் திறக்க வேண்டும். இந்த நோயிலும், கட்டிக்குக் கட்டி தோலுக்கு அடியில் வளை போலப் பாதை விழுந்துவிடுகிறது. கீறிச் சீழை எடுத்தால் வலி குறையும். அவசரத்துக்கு அது தேவைதான். ஆனால் உள்ளே பாதை அப்படியே இருப்பதால் கட்டி திரும்ப வரும். வீட்டில் பிளேடால் கீறுவது ஆபத்து.

என்ன ஆபரேஷன்?

ஹர்லி என்ற மருத்துவர் 1989-ல் இந்த நோயை மூன்று படிகளாகப் பிரித்தார்.

முதற்படி: கட்டிகள் மட்டும்; பாதையும் தழும்பும் இல்லை. பெரும்பாலும் மருந்து மாத்திரையிலேயே கட்டுப்படும்.

இரண்டாம் படி: ஆங்காங்கே பாதையும் தழும்பும் விழுந்திருக்கும். அந்த இடத்தை ஊசி போட்டு மரக்கச் செய்து, பாதையின் மேல்தோலைக் கூரை பிரிப்பது போல எடுத்துவிடுவார்கள். உள்ளே சுத்தம் செய்து, தைக்காமல் கட்டுப் போடுவார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து சில வாரங்களில் ஆறும்.

மூன்றாம் படி: அந்த இடம் முழுவதும் பாதைகள் பின்னிக் கிடக்கும். மயக்க மருந்து கொடுத்து, கெட்ட தோல் முழுவதையும் வெட்டி எடுப்பார்கள். பிறகு தொடைத் தோலை எடுத்து ஒட்டலாம், பக்கத்துத் தோலைத் திருப்பி மூடலாம், அல்லது தானாக ஆற விடலாம். பெரிய புண் ஆறச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

முழுவதும் எடுத்த இடத்தில் நோய் திரும்புவது குறைவு. ஆனால் ஓரத்திலோ வேறு மடிப்பிலோ வரக்கூடும். ஆகவே டாக்டர் சொல்லும் வரை மருந்தை நிறுத்தக் கூடாது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"ஆபரேஷன் பண்ணினா கையைத் தூக்க முடியாதாமே?"
தழும்பு இழுத்துக்கொண்டால் அப்படி ஆகலாம். டாக்டர் சொல்லும் நாளிலிருந்து கைப் பயிற்சி செய்து வந்தால் பெரும்பாலும் தடுக்கலாம்.

"ஆபரேஷன்னா கு.க. ஆபரேஷனா?"
இல்லவே இல்லை. இது தோலில் மட்டும் செய்வது. கருப்பையையோ விந்துக் குழாயையோ தொடுவதில்லை. பிறகு குழந்தை பெறத் தடையில்லை.

"கர்ப்பமா இருந்தா என்ன செய்யறது?"
நாள் தள்ளிப் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் கர்ப்பிணிக்கு ஆகாது.

"கருத்தடை மாத்திரை சாப்பிடுறேனே?"
இந்த நோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால், கருத்தடை மாத்திரையின் பலன் குறைந்துவிடும். அப்போது காப்பர்-டி அல்லது நிரோத் பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு

மனைவிக்கு ஆபரேஷன் ஆனால், தண்ணீர்க் குடம் தூக்குவதையும் களை எடுப்பதையும் சில வாரங்களுக்குக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். கணவருக்கு ஆனால், வரப்பு வெட்டவும் மூட்டை தூக்கவும் அவசரப்படுத்தாதீர்கள். கட்டு மாற்றப் போகும்போது துணைக்குப் போங்கள். பீடியை இருவருக்காகவும் விட்டுவிடுங்கள்.

வருஷக்கணக்கில் ஆறாமல் விட்ட புண்ணில், முக்கியமாகப் பிட்டத்தில், அபூர்வமாகப் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் பாதைதான் நீளும்; ஆபரேஷனும் பெரிதாகும்.

இரண்டாம் தடவை கட்டி வந்ததுமே இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேவையானால் அங்கிருந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.