உங்களுக்குத் தெரியுமா? – ஒரு குவளை வெந்நீரும் ஒரு ஷேவிங் செட்டும்

மார்கழிக் காலையில் கொல்லிமலைச் செம்மேட்டில் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப்போகும். அந்தக் குளிரில் ஒரு குவளை வெந்நீர், ஒரு பிரஷ், சோப்பு, இருபக்கமும் கூரான பிளேடு மாட்டிய ஷேவிங் செட் ஆகியவற்றோடு கண்ணாடிமுன் உட்காருவது தனிச் சுகம். தாத்தா காலத்து இந்த முறையைப் புதிதாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கும், பிளேடைக் கண்டு தயங்குகிறவர்களுக்கும் இந்தத் துணுக்குகள்.

மலையில் சீக்கிரம் கொதிக்கும்
கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அதனால் அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் சுமார் 96 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சவரத்துக்கு அவ்வளவு சூடு வேண்டாம்; கன்னம் தாங்கும் வெதுவெதுப்பு போதும். தாடி முடி நீரை உறிஞ்சி இளக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிரேக்கத்திலும் இதே சொல்
'சவரம்' வடமொழி 'க்ஷௌரம்' என்பதன் தமிழ் வடிவம். அதன் வேர் 'க்ஷுர', அதாவது கத்தி. பழைய கிரேக்கத்தில் சவரக்கத்திக்குப் பெயர் 'க்ஸுரோன்'. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உறவுச் சொற்கள். நம்முடைய சொந்தச் சொல் 'மழித்தல்'.

சித்தர் மலையும் குறள் 280-ம்
கோரக்கர் முதலான சித்தர்கள் தங்கிய மலை என்று கொல்லிமலையைச் சொல்வார்கள். சித்தர் என்றதும் சடைமுடியும் தாடியும்தான் நினைவுக்கு வரும். வள்ளுவரோ, உலகம் பழிக்கும் செயலை விட்டுவிட்டவனுக்கு முடியை மழிப்பதும் வேண்டாம், வளர்ப்பதும் வேண்டாம் என்று 280-ஆம் குறளில் சொல்லிவிட்டார். முகத்தைவிட நடத்தைக்கே முதலிடம்.

இழைப்புளி தந்த யோசனை
சவரக்கத்திக்கு முதலில் காப்புப் போட்டவர்களில் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே. தச்சரின் இழைப்புளியில் அலகு கொஞ்சமாகத்தானே வெளியே எட்டிப் பார்க்கும்? அதேபோல் கத்தியின் மேல் மரக் காப்பைப் பொருத்தினார். தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை பெற்ற கருவியோடு 'சேஃப்டி ரேசர்' என்ற பெயர் பரவியது.

முதல் ஆண்டில் 51
மெல்லிய எஃகுத் தகட்டை இருபக்கமும் கூராக்கி, மழுங்கியதும் மாற்றிவிடலாம் என்று எண்ணியவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கூராக்க முடியாது என்று பலர் கைவிரிக்க, அதைச் செய்துகாட்டியவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். 1903-இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. காப்புரிமை கிடைத்ததும் அந்த 1904-இல்தான்.

பதுங்குகுழியிலிருந்து வீட்டுக்கு
முதல் உலகப் போரில் நச்சுப் புகைக்கு அஞ்சி வீரர்கள் முகமூடி அணிந்தார்கள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாமல் இடைவெளி விழும். அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தினமும் தாங்களே சவரம் செய்யும் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

காந்தி பார்த்த கண்ணாடி
இங்கிலாந்து போகிறவர்கள் சவரம் செய்துகொள்ளவாவது கற்றுத் திரும்புகிறார்கள்; ஆனால் தன் தலைமுடியைத் தானே வெட்டக் கற்றவர் யாருமில்லை என்று 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார் காந்தி. பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் முடிவெட்ட மறுத்ததும், கருவி வாங்கிக் கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் சுமாராக வந்தது, பின்பக்கம் கெட்டது. நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். அவர் அந்த நாவிதரைக் குறை சொல்லவில்லை. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சகோதரர்களுக்கு முடிவெட்ட நம் ஊர் நாவிதர்களை நாம் விட்டோமா, அதற்கான பலன் இது என்று எழுதினார். படிக்கும் ஒவ்வொரு முறையும் தைக்கிற இடம்.

ஒரு குவளைத் தண்ணீர் சொன்ன பாடம்
இந்தியர்களுக்காக ஒரு புதிய ரேசரை ஜில்லெட் நிறுவனம் முதலில் அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அங்கே எல்லாம் சரியாக இருந்தது. இங்கே வந்து பார்த்தால், பலர் தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரில் ரேசரை முக்கி முக்கிச் சவரம் செய்தார்கள். குழாய் நீர் இல்லாததால் முடி இடுக்கில் அடைத்துக்கொண்டது. வடிவத்தை மாற்றி, 2010-இல் 15 ரூபாய்க்கு வந்தது 'ஜில்லெட் கார்டு'. ஷேவிங் செட்டுக்கு இந்தச் சிக்கல் பெரிதில்லை. ஒற்றைப் பிளேடு, குவளையில் ஆட்டினாலே சுத்தமாகிவிடும்.

அழுத்தாதீர்கள்
முதல்முறை கீறிக்கொள்கிற பலரும் செய்யும் தவறு இதுதான்: அழுத்துவது. உலோக ரேசரின் எடையே போதும். கைப்பிடி கன்னத்துக்கு நேர்க்குத்தாக நிற்க, ரேசரின் தலையைக் கன்னத்தில் வையுங்கள். பிளேடு தோலைத் தொடும்வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். ஏறத்தாழ 30 டிகிரியில் தொடும். அதுதான் சரியான சாய்வு. பிளேடு மாட்டும்போது கூரில்லாத இரு குட்டை ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

தாடையிலும் உண்டு கொண்டை ஊசி வளைவு
கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எந்த ஓட்டுநரும் அங்கே வேகம் காட்டமாட்டார். தாடை ஓரம், மோவாய், குரல்வளை மேடு ஆகியவையும் அப்படித்தான். அங்கே ஒரு விரலகலத்துக்குச் சிறு சிறு இழுப்பாக இழுங்கள். இன்னொரு கையால் தோலை இறுக்கிப் பிடியுங்கள். முடி படிந்த போக்கிலேயே இழுக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள்: வழுக்கினால் போக்கு, சுரசுரத்தால் எதிர்ப்போக்கு. கழுத்தில் இது இடத்துக்கு இடம் மாறும். இரண்டாம் முறை வழிக்க வேண்டுமென்றால் மறுபடி நுரை பூசாமல் கூடாது.

முடி எஃகைச் சிதைக்கும்
முடியைவிட எஃகு 50 மடங்கு கடினம். ஆனாலும் பிளேடு மழுங்குகிறதே, ஏன்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள்: கூர்முனை சீராகத் தேய்வதைவிட, எஃகின் அமைப்பு சீரற்ற இடங்களில் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. முடி வளைந்து சாய்வாக மோதும்போது இது நடக்கிறது. பிளேடு இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றினால் மாற்றிவிடுங்கள்.

எரியும் கல்
சலூனில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கும் கண்ணாடி போன்ற கல் படிகாரம். தோலைச் சுருங்கச் செய்து, சிறு கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். எந்த இடத்தில் அதிகம் எரிகிறதோ, அங்கே நீங்கள் அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள். குளிர்ந்த நீரில் கழுவி, ஈர முகத்தில் தடவி, கொஞ்சம் பொறுத்துக் கழுவிவிடுங்கள்.

ஒரு பிளேடு, ஒருவருக்கே
மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. அதனால்தான் நல்ல சலூன்களில் ஆளுக்கு ஒரு புது பிளேடை உடைத்துச் செருகுகிறார்கள். கோயிலில் மொட்டையோ சலூனில் சவரமோ, புது பிளேடா என்று கேளுங்கள். வீட்டில் அண்ணன் தம்பிக்குள்ளும் பிளேடு பகிர வேண்டாம்.

உண்டியலில் போடுங்கள்
பழைய பிளேடைக் குப்பையில் வீசினால், அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கை கிழியும். மேயும் மாட்டின் வாயும் கிழியும். காலி டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போடுங்கள். நிரம்பியதும் மூடியை ஒட்டி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். கொல்லிமலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிளாஸ்டிக் ரேசரை ஆகாய கங்கை அருவியின் ஓடையோரம் எறிந்துவிட்டு வராமல் இருந்தால், மலைக்கு நாம் செய்யும் மரியாதை அது.

எங்கே தொடங்குவது?
அலுவலகத்துக்கு ஓடும் திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நல்லது. முதல் நாள் இரு கன்னங்களை மட்டும் இந்தச் செட்டில் மழியுங்கள். மீதியைப் பழைய ரேசர் பார்த்துக்கொள்ளும். அடுத்த வாரம் தாடை, அதற்கடுத்த வாரம் கழுத்து. மூன்றாவது ஞாயிறு, அழுத்தாமல் இழுக்க உங்கள் கை பழகியிருக்கும்.