பிக்கப் டிரக் வாங்கப் போகிறீர்களா? குதிரைத்திறனைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். வீடு பாறசாலைப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் ஏத்தன் வாழை. வார நாட்களில் ஆபீஸ் போக, சனிக்கிழமை குலை ஏற்ற, லீவு கிடைத்தால் மலை ஏற, எல்லாத்துக்கும் ஒரே வண்டி இருந்தா நல்லா இருக்குமே என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பிக்கப் டிரக் ஆசை உள்ளே வருகிறது.

ஆசையில் தவறில்லை. ஆனால் இதற்குச் சில மாடல்களில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. விளம்பரம் சொல்வது எஞ்சின் சக்தியை. உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு மூன்று விஷயங்கள்: எவ்வளவு எடை, எந்த ரோடு, என்ன பதிவு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிக்கப் என்றால் எது?

இந்தியாவில் பிக்கப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகை வண்டிகள் ஓடுகின்றன.

முதல் வகை, காரைப் போல ஓட்டக்கூடிய நான்கு கதவு வண்டி. இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-இலும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட்டில் பதிவாகும்.

இரண்டாவது வகை, சுமைக்காகவே செய்தது. மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த், நாம் 'குட்டி யானை' என்று கூப்பிடும் டாடா ஏஸ் எல்லாம் இந்த வகை. சரக்கு வாகனமாக மஞ்சள் பிளேட்டில் ஓடுபவை.

பார்க்கப் பெரிதாக இருப்பது முதல் வகை. நிறைய எடை தூக்குவது பெரும்பாலும் இரண்டாவது வகை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். பொலேரோ பிக்கப்பின் பல மாடல்கள் 1.3 டன் முதல் 1.7 டன் வரை ஏற்றும். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஹைலக்ஸ் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை எப்படிக் கணக்குப் போடுவது?

ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வண்டியின் வெறும் எடை. இன்னொன்று சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. ஆட்கள், சரக்கு, நீங்கள் பின்னால் மாட்டும் இரும்புக் கூண்டு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. மொத்த எடை 2,900 கிலோ, வெறும் எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 800 கிலோ. தலைக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போச்சு. மிச்சம் 450. கூண்டும் கருவிகளும் 100 கிலோ என்றால், வாழைக்குலைக்கு இருப்பது 350 கிலோ மட்டுமே.

இதைத் தாண்டினால் அபராதம் மட்டும் பிரச்சினை இல்லை. மத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, மழையில் வெள்ளறடைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

சரி, பின்னால் டிரெய்லர் இழுக்கலாமா?

ஆஸ்திரேலிய வீடியோக்களில் ஹைலக்ஸும் டி-மேக்ஸும் 3,500 கிலோ டிரெய்லரை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த நாட்டு மாடலுக்கு, தனி பிரேக் உள்ள டிரெய்லருக்குச் சொன்ன அளவு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கேயே வரம்பு 750 கிலோதான். எனவே இந்திய மாடலின் கையேட்டில் என்ன அளவு இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். வண்டியோடு வரும் கொக்கி, சேற்றில் சிக்கினால் வெளியே இழுப்பதற்கு. டிரெய்லர் மாட்டும் அமைப்பு வேறு.

டிரெய்லரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, மாட்டும் இடத்தின் வழியாக உங்கள் வண்டியின் மேல் இறங்கும். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 கிலோ. மேலே போட்ட கணக்கில் அந்த 350 கிலோவிலிருந்து இதையும் கழிக்க வேண்டும். அந்தப் பங்கு ரொம்பக் குறைந்தால், அதாவது சுமையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் போனால், வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும்.

சட்டம் இன்னும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் தரும் வரையறையிலேயே டிரெய்லரும் அடங்கும். அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்த டிரெய்லரை அப்படியே மாட்டிக்கொண்டு போக முடியாது.

நடைமுறையிலும் நம்ம ஊரில் இழுப்பதைவிட ஏற்றுவதுதான் அதிகம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் கடலோர மீனவர்கள் படகுகளைக் கொண்டுபோய், 65,000-க்கும் மேற்பட்டோரை மீட்டதாகக் கணக்கு. செங்கன்னூர் போன்ற இடங்களுக்கு அந்தப் படகுகள் போனது பெரும்பாலும் லாரிகளில் ஏறித்தான். இருபக்கமும் மதில் நிற்கும் ஊர் வழியில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள், காரணம் புரியும்.

ஃபோர் வீல் டிரைவ் அவசியமா?

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போவது தேசிய நெடுஞ்சாலை 66. அதற்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை. அம்பூரி, வெள்ளறடைப் பக்கத்து மலையோரத் தோட்டம் என்றால் கதை வேறு. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சிவந்த மண் வழி, வருடத்தில் பல மாதம் வழுக்கும்.

பெரும்பாலான பிக்கப்களில் எஞ்சின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. பின்னால் சுமை இல்லாதபோது அந்தச் சக்கரங்களின் மேல் எடை குறைவு. ஈர மண் ஏற்றத்தில் அவை சும்மா சுற்றும். முன் சக்கரங்களுக்கும் சக்தி போனால் பிடிமானம் கிடைக்கும். 'லோ' கியர் இருந்தால் ஏற்றத்தில் மெதுவாக ஏறலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இராமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவோடுதான் வருகிறது. வி-கிராஸில் இரண்டு வகையும் உண்டு. பொலேரோ கேம்பர், யோதா போன்றவற்றிலும் ஃபோர் வீல் டிரைவ் மாடல்கள் வந்திருக்கின்றன. அதாவது, மண் வழியில் போக 30 லட்சம் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நீளத்தையும் மறக்காதீர்கள். ஹைலக்ஸும் வி-கிராஸும் சுமார் 5.3 மீட்டர். மாருதி ஸ்விஃப்ட் சுமார் 3.85 மீட்டர். ஒன்றரை மீட்டர் வித்தியாசம். வாங்கும் முன் டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டு வழிக்கே கொண்டுவரச் சொல்லி, கேட்டுக்குள் திருப்பிப் பாருங்கள்.

வெள்ளத்தில் இறங்கலாமா?

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். அந்த எண்ணை ஓடும் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடும் வெள்ளம் இரண்டு அடி, அதாவது சுமார் 600 மில்லிமீட்டர் இருந்தாலே எஸ்.யு.வி., பிக்கப் உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்?

பாறசாலை கேஎல்-19, நெய்யாற்றின்கரை கேஎல்-20, களியக்காவிளை தாண்டினால் மார்த்தாண்டம் டிஎன்-75. வாழ்க்கை இரண்டு பக்கமும் ஓடும், சட்டம் அப்படி ஓடாது.

சரக்கு வாகனத்தின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பர்மிட் வேண்டாம் என்கிறது சட்டத்தின் 66-ஆவது பிரிவு. தாண்டினால் வேண்டும். தினமும் அடுத்த மாநிலச் சந்தைக்குப் போகிறவர் என்றால், நேஷனல் பர்மிட் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கும்போது இந்த ஒரு எண்ணை மட்டுமாவது பாருங்கள்.

சொந்தக்காரர் முகவரியில் பக்கத்து மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு இங்கேயே ஓட்டலாமா? வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். வரி மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் பதிவான வண்டிகள் 2017-இல் கேரளாவில் எவ்வளவு பெரிய விவகாரம் ஆயின என்பது நினைவிருக்கலாம்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. ஆனால் வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கக்கூடும்.

பின்னால் நாலு பேரை ஏற்றினால்?

தோட்ட வேலைக்கு ஆட்களைப் பின்பெட்டியில் ஏற்றிப் போவது ஊரில் சாதாரணம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறி வருகிற பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் விழுந்து இறந்தால், அந்தக் குடும்பத்துக்கான இழப்பீட்டை வண்டி உரிமையாளரே சுமக்க வேண்டி வரலாம். கட்ட வழியில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கையில் எதுவும் வராது. ஆட்களையும் கூட்டிப் போக வேண்டும் என்றால், இரண்டு வரிசை சீட் உள்ள கேபினே வாங்குங்கள்.

உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர் எல்லாம்?

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும், நிறுவனம் தந்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளாவிலிருந்து போன வழக்குதான். மாற்றும் ஆசை இருந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்போ எதை வாங்குவது?

வாரம் தவறாமல் அரை டன்னுக்கு மேல் ஏற்றுவீர்கள் என்றால், சுமைக்கான பிக்கப். ஆட்களும் வேண்டும், மண் வழியும் உண்டு என்றால், இரண்டு வரிசை சீட்டும் ஃபோர் வீல் டிரைவும் உள்ள கேம்பர், யோதா வகை. குடும்பத்தோடு நீண்ட பயணம், எப்போதாவது கொஞ்சம் சரக்கு என்றால் வி-கிராஸ், ஹைலக்ஸ்.

சுமை வருடத்துக்குப் பத்துத் தடவைதான் என்றால், உள்ளதிலேயே மலிவான வழி ஒன்று இருக்கிறது. கவலையில்லாமல் ஓட்ட ஒரு கார், குலை வெட்டும் நாளில் வாடகைக்கு ஒரு குட்டி யானை. கடந்த வருடம் நீங்கள் உண்மையில் எத்தனை நாள் சுமை ஏற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஷோரூமுக்குப் போவது அதற்கு அப்புறம்.