எங்கே எவ்வளவு நேரம்? - சுற்றுலாவுக்கு ஒரு கணக்கு

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்பது நம் உழவர்களின் பழமொழி. ஏருக்குச் சொன்ன இம்மொழி சுற்றுலாவுக்கும் பொருந்தும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பின் ஒருநாள் கல்விச் சுற்றுலாவுக்கு அட்டவணை தயாரித்தவன் நான். ஆகவே இங்கே கூறப்படும் தவறுகள் யாவும் என்னுடையவையே. அவற்றை மறைக்காமல் எழுதுவதால், அடுத்த ஆண்டு அட்டவணை போடும் நண்பர்களுக்குப் பயன் விளையும் என நம்புகிறேன்.

நடந்தது என்ன?

1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்தன. 2007 முதல் அரியலூர் தனி மாவட்டம். "ஒன்றாக இருந்த ஊர்கள்தாமே, ஒரே நாளில் பார்த்துவிடலாம்" என்று எண்ணினேன். ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர்க் கல்மரம், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், கங்கைகொண்ட சோழபுரம், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் என ஐந்து இடங்களை வரிசையாக எழுதினேன். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை 14 மணி நேரம். சாலைக்கு 6 மணி போக மீதம் 8. அதை ஐந்தால் வகுத்தால் இடத்திற்கு ஒன்றரை மணிக்கு மேல் வருகிறது. கணக்கு எவ்வளவு அழகாக இருந்தது!

பேருந்து புறப்பட்டபோது மணி 7. கோட்டையில் ஏறியவர்கள் இறங்கி வர நேரமாயிற்று. சாத்தனூரை அடைந்ததும், நண்பகலுக்குள் கோயிலுக்குப் போயாக வேண்டுமே என்ற பதற்றம் என்னைப் பற்றிக்கொண்டது. எங்களுடன் வந்திருந்த தாவரவியல் பேராசிரியர் கல்மரத்தின் அருகே நின்று, "இந்த மரம் பூத்ததே இல்லை, ஏன் தெரியுமா?" என்று தொடங்கினார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அப்போது பேருந்தின் ஒலிப்பான் அலறிற்று. அடிக்கச் சொன்னவன் நான். பத்தே நிமிடத்தில் எல்லோரும் ஏறிவிட்டோம். அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு விரைந்தும், கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். மாலை 4 மணி வரை காத்திருக்க அட்டவணை இடங்கொடுக்கவில்லை. வெயிலில் காய்ந்த கற்றளத்தில் வெறுங்காலுடன் ஓடினோமே தவிர எதையும் பார்க்கவில்லை. இறுதியாகக் கரைவெட்டி. பங்குனி மாதமாதலால் வலசை வந்த பறவைகள் திரும்பிவிட்டன. ஐந்து இடங்களுக்கும் போனதாகப் பெயர், கண்டதோ ஒன்றுமில்லை.

கணக்கில் நேர்ந்த பிழை

பின்னர் அமைதியாக அமர்ந்து கணக்கை மறுபடி போட்டேன். நாற்பது பேர் பேருந்திலிருந்து இறங்கி, ஏறி, தலை எண்ணி முடிக்க ஒவ்வோர் இடத்திலும் 20 நிமிடம் ஆகிறது. ஐந்து இடத்திற்கு 100 நிமிடம். உணவுக்கும் தேநீருக்கும் 2 மணி. சாலையின் 6 மணியோடு இவற்றைக் கூட்டினால் 9 மணி 40 நிமிடம். மீதமுள்ள 4 மணி 20 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் இடத்திற்கு 52 நிமிடமே. அதிலும் ஒரு மணி தாமதமாகப் புறப்பட்டால் 40 நிமிடம்!

ஆயினும் பெரிய பிழை இதுவன்று. எல்லா இடத்திற்கும் ஒரே அளவு நேரம் என்று வகுத்தேனே, அதுதான் பெரிய பிழை.

கடல் கடந்த பாடம்

வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்வோர் இவ்வகையில் நமக்கு வழிகாட்டிகள். அமெரிக்காவின் புளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டில் நான்கு பெரும் பூங்காக்கள் உள்ளன. விவரம் அறிந்தோர் பூங்கா ஒன்றுக்கு ஒரு நாள் என ஒதுக்குவர். இராட்டினம் சுற்றுவது சில நிமிடந்தான். அதற்காக வரிசையில் நிற்பதோ அதைவிடப் பன்மடங்கு. எனவே அவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். கதவு திறக்கும் முன்பே போய், கூட்டம் மிகும் இடத்தை முதலில் முடிக்கிறார்கள். நண்பகலில் ஓய்வெடுத்து மாலையில் மீண்டும் வருகிறார்கள். 1983-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்துக்கும், நம் உறவினர் பலர் சென்றுவரும் சிங்கப்பூர் செந்தோசாத் தீவுக்கும் இதே முறைதான்.

நம் ஊர் இடங்களில் அத்தகைய வரிசை இல்லை. நம் நேரத்தை விழுங்குவன வேறு: சாலை, வெயில், சாத்திய கதவு, தவறிய பருவம். இந்நான்கையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகே இடங்களை எழுத வேண்டும்.

இடத்திற்கேற்ற நேரம்

சாத்தனூர்: 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள இம்மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டறிந்தார். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்கள் செழித்துப் பரவுமுன் வாழ்ந்தது. அன்று கடல் இப்பகுதி வரை பரவியிருந்தது. ஆற்றோடு வந்து கடலில் படிந்து கல்லான மரம் இது. சும்மா பார்க்க ஐந்து நிமிடம் போதும். விளங்கிக்கொள்ள ஒன்றரை மணி வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் செல்க.

வாரணவாசி: கல்மரம் கண்ட கையோடு இங்கு வந்தால், அப்பழங்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் படிவங்களைக் காணலாம். ஒரு மணி நேரம். கூரைக்கு அடியில் உள்ளதாதலால் உச்சி வெயிலுக்கு ஏற்றது. விடுமுறை நாளை முன்பே கேட்டறிக.

கரைவெட்டி: கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரிக்கு, பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வருகின்றன. பறவைகள் அடையும் மாலையில் இரண்டு மணி நேரம்.

கங்கைகொண்ட சோழபுரம்: முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பியது, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுமார் 55 மீட்டர் உயர விமானத்தை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் அரைமணி போய்விடும். வடக்கு வாயிற்படியருகே உள்ள சண்டேச அநுக்கிரக மூர்த்தியின் முன் நின்று பாருங்கள். சிவபெருமான் தம் கையாலேயே அடியவரின் தலையில் மாலை சுற்றுகிறார். குனிந்த அந்தத் தலையில் இராசேந்திரனையே காண்போரும் உண்டு. கோயிலுக்கு மூன்று மணி, அரண்மனை அகழாய்வு நடந்த மாளிகைமேட்டுக்கு ஒரு மணி. காலை 7 மணிக்கே அங்கிருக்க வேண்டும்.

ரஞ்சன்குடி: 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பக்கம் நின்று மோதிய வாலிகண்டபுரப் போரோடு தொடர்புடைய கோட்டை. அரைநாள் போதும். திரும்பும்போது சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் வணங்க விரும்பினால், திங்கள் அல்லது வெள்ளியாகப் பார்த்துப் புறப்படுக. வழக்கமாக அந்நாட்களில்தான் நடை திறப்பார்கள்.

என் பரிந்துரை

ஆகவே ஒன்றை மூன்றாகப் பிரிப்போம். சாத்தனூர், வாரணவாசி, கரைவெட்டி மூன்றும் மார்கழி அல்லது தை மாதத்தில் ஒரு நாள். கங்கைகொண்ட சோழபுரம் தனியே ஒரு நாள். ரஞ்சன்குடி ஓர் அரைநாள். செலவு கூடும் என்பர். உண்மைதான். பணமில்லையெனில் ஓர் ஆண்டில் ஒன்றை மட்டும் பார்ப்போம். மூன்றாண்டுப் படிப்பில் மூன்றும் முடிந்துவிடும்.

அன்று பேச்சைப் பாதியில் நிறுத்திய பேராசிரியர் அந்த ஆண்டே பணி ஓய்வு பெற்றார். அந்த மரம் ஏன் பூக்கவில்லை என்பதை நான் பின்னர் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மரத்தருகே நின்று அவர் வாயால் கேட்கும் வாய்ப்பை நாற்பது பேருக்கும் இல்லாமற் செய்தது என் அட்டவணை. அடுத்த அட்டவணையில் அவரையும் அழைத்துச் செல்ல ஓர் இருக்கையும், அவர் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரமும் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.